ஆடு தானாக விழுந்ததா? ஆவணப்படங்கள் நம்மை நம்பவைக்கும் விதம்

ஸ்பெயினின் மேற்கே, மலைகளுக்கு நடுவே லாஸ் ஹுர்டெஸ் என்றொரு வட்டாரம். லூயிஸ் புனுவெல் 1933ல் அங்கே போய் ‘ரொட்டி இல்லாத நிலம்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அரை மணி நேரம்கூட ஓடாத படம். அதில் ஒரு காட்சி: செங்குத்தான பாறைச் சரிவில் ஆடுகள். இந்த மக்களுக்கு ஆட்டுக்கறி என்பதே அபூர்வம், எப்போதாவது ஓர் ஆடு கால் இடறி விழுந்து செத்தால்தான் உண்டு என்கிறது பின்னணிக் குரல். சொல்லி வாய் மூடுவதற்குள் ஓர் ஆடு பாறையிலிருந்து உருண்டு விழுகிறது. அடுத்த ஷாட்டில் அதே விழுதலை மேலிருந்து பார்க்கிறோம்.

படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, திரையின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு சின்னப் புகை தெரியும். துப்பாக்கிப் புகை. ஆடு இடறவில்லை, சுட்டு விழவைத்திருக்கிறார்கள். இரண்டு கோணங்களில் விழுந்ததே, அப்போதே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தற்செயலாக விழப்போகும் ஓர் ஆட்டுக்காக மேலே ஒன்று, கீழே ஒன்று என்று யாரும் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

ஆனால் அந்த வட்டாரத்தின் வறுமை கட்டுக்கதை இல்லை. பசியும் நோயும் அங்கே உண்மையாகவே இருந்தன. பின்னணிக் குரல் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். அதற்குச் சாட்சியாக நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய ஆடுதான் பொய்ச்சாட்சி. தூரதேசத்து ஏழைகளை வேடிக்கைப் பொருளாக்கும் பயணப் படங்களைச் சாடவே புனுவெல் இப்படிச் செய்தார், அந்தப் புகையை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார் என்று வாதிடும் திரை ஆய்வாளர்கள் உண்டு. யோசிக்கவேண்டிய வாதம்தான். இருந்தாலும் முதல் தடவை பார்க்கும்போது யார் கண்ணும் புகைமேல் போவதில்லை. ஆட்டைத்தான் பார்க்கிறோம். பார்த்து நம்பிவிடுகிறோம்.

ஆவணப்படத்தில் சாய்வு என்றதும் பலரும் தேடுவது தவறான தகவலை. ‘இந்தப் புள்ளிவிவரம் சரியா, இந்தத் தேதி சரியா’ என்று சோதிக்கிறார்கள். சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் சாய்வு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒவ்வொரு ஷாட்டும் பார்ப்பவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: ‘இது இப்படித்தான் நடந்தது, இந்த வரிசையில்தான் நடந்தது, நாங்கள் போனபோது இப்படித்தான் இருந்தது.’ அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இயக்குநருக்கு ஒரு பக்கம் இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. பக்கமே இல்லாதவர் எதற்காக வருடக்கணக்கில் ஒரே விஷயத்தின் பின்னால் அலையப்போகிறார்?

கணக்கு போட்டுப் பார்த்தாலே இது புரியும். நூறு மணி நேரம் படம்பிடித்து ஒன்றரை மணி நேரப் படம் செய்தால், தொண்ணூற்றெட்டரை மணி நேரம் வெளியே கிடக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு இயந்திரம் எதுவும் கிடையாது. ஒரு மனிதர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். அதற்கும் முன்பே, கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது அணைப்பது என்று இன்னொருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்தக் கலைக்கு ‘டாகுமெண்டரி’ என்ற சொல்லைப் பரவலாக்கிய ஜான் கிரியர்சனே அதற்கு விளக்கம் சொன்னபோது, நிஜத்தைப் படைப்பு நோக்கோடு கையாள்வது என்றுதான் சொன்னார். நிஜத்தை அப்படியே தருவதாக அவர் சொல்லவில்லை.

கையாள்வது எந்த அளவுக்கு என்பதில்தான் தகராறு, அதுவும் தொடக்கத்திலிருந்தே. ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி 1922ல் வெளியிட்ட ‘நனூக் ஆஃப் த நார்த்’தான் முதல் முழுநீள ஆவணப்படம் என்று பலரும் சொல்வார்கள். கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கத்து இனுவிட் மக்களைப் பற்றியது. அதற்குப் பணம் கொடுத்தது ஒரு பிரெஞ்சு உரோம வியாபார நிறுவனம். நாயகனின் பெயர் நனூக் இல்லை, அல்லகரியல்லக். படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படுத்தினார்கள். படத்துக்காக முன்னோர்களைப்போல ஈட்டி எறியச் சொன்னார்கள். பனிவீட்டுக்குள் பெரிய கேமராவை வைக்க இடமும் இல்லை, வெளிச்சமும் போதவில்லை. அதனால் ஒரு பக்கம் திறந்தபடி பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டினார்கள். அந்தக் குடும்பம் தூங்கி எழுவதாக நாம் பார்ப்பது அந்தத் திறந்த வீட்டில், குளிரில்.

வீட்டின் சுவரை எடுத்ததை நான் மன்னித்துவிடுவேன். அன்றைக்கிருந்த கருவிக்கு வேறு வழியில்லை. மன்னிக்க முடியாதது இன்னொரு காட்சி. வியாபாரி கிராமபோனைப் பாடவைத்துக் காட்டுகிறார். நனூக் ஆச்சரியத்தோடு இசைத்தட்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். அல்லகரியல்லக்குக் கிராமபோன் என்னவென்று நன்றாகத் தெரியும். படக்குழுவோடு சேர்ந்து வேலை பார்த்தவர், அந்தக் காட்சிகளைத் திட்டமிடுவதில் பங்கெடுத்தவர். அப்படிப்பட்டவரை எதுவும் அறியாத குழந்தையைப்போலக் காட்டிவிட்டு, படம் உலகம் முழுக்கச் சுற்றி வந்தது.

சரி, இது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இன்றைக்கு யாரும் இவ்வளவு வெளிப்படையாக நடிக்கவைப்பதில்லை. வேலை நடக்கும் இடம் எடிட்டிங் மேஜைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கற்பனையான ஒரு பேட்டியை வைத்துப் பார்ப்போம்.

ஒரு தொழிற்சாலையின் முன்னாள் மேலாளர் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார். ‘கழிவுநீர் ஆற்றில் கலப்பது ஆரம்பத்திலேயே உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்கிறார்கள். அவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி போகிறது. ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார். எல்லோரும் காத்திருக்கிறார்கள். மேலாளர் தரையைப் பார்க்கிறார், கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார், எச்சில் விழுங்குகிறார். லாரி போனதும் சொல்கிறார்: ‘தெரியாது. தெரிந்த அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நகல் வைத்திருக்கிறேன்.’

இப்போது எடிட்டர் முன்னால் இருக்கும் வசதிகளைப் பாருங்கள். லாரிச் சத்தத்தை எடுத்துவிட்டு, அதே அறையில் முன்பே பதிவுசெய்து வைத்த வெறும் அறையொலியை நிரப்பலாம். கேள்வி வருகிறது. ஐந்து நொடி அமைதி. தரையைப் பார்க்கும் கண்கள். ஏறி இறங்கும் தொண்டை. ‘தெரியாது.’ கட். அடுத்த ஷாட்டில் நுரை பொங்கி ஓடும் ஆறு. கடிதமும் நகலும் வெளியே கிடக்கும் தொண்ணூற்றெட்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டன. ஒரு சொல்கூடத் திரிக்கப்படவில்லை. அந்த முகமும் அவருடையது, அந்த வார்த்தையும் அவருடையது. இருந்தும், திரையில் நாம் பார்ப்பது ஒரு பொய்யரை.

அதே பேட்டியை லாரியை வெட்டிவிட்டு, கேள்வி முடிந்ததும் சட்டென்று ‘தெரியாது’ என்று வரும்படியும் ஒட்டலாம். கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது பழைய கோப்புகளைப் புரட்டும் விரல்களைக் காட்டலாம். இப்போது அவர் மனசாட்சி உள்ள ஊழியர். இரண்டுமே ஒரே நாளில், ஒரே நாற்காலியில் எடுத்த காட்சி.

பேட்டியின் நடுவே திடீரென்று பேசுபவரின் கைகளோ ஜன்னலோ, கேள்வி கேட்பவர் தலையாட்டுவதோ தெரிந்தால், அந்த இடத்தில் பேச்சு வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. வெட்டிய இடத்தில் முகம் குதிக்கும். அந்தக் குதிப்பை மறைக்க இந்த ஷாட்டுகள். இதில் பெரும்பாலானவை நல்லெண்ணத்தில் செய்பவைதான். திக்கலையும் இருமலையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுப்பார்கள். ஆனால் நல்ல வெட்டும் கெட்ட வெட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் பிரச்சினை.

ஷாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புது அர்த்தம் பிறக்கும் என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். இவான் மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகம். அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை வைத்தால் பசி தெரிந்தது, சவப்பெட்டியை வைத்தால் துக்கம் தெரிந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சோதனைப் படச்சுருள் இன்று இல்லை, உடனிருந்தவர்கள் விவரித்ததுதான் மிச்சம். ஆனால் நம் மேலாளரின் பக்கத்தில் ஆற்றை வைத்தபோது நடந்தது இதுதான்.

இந்தத் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நிஜ உதாரணம் ஒன்று. 2015ல் ஹெச்பிஓ தொலைக்காட்சியில் ‘தி ஜின்க்ஸ்’ என்ற ஆறு பகுதித் தொடர் வந்தது. ராபர்ட் டர்ஸ்ட் என்ற, நியூயார்க்கின் பெரும் ரியல் எஸ்டேட் குடும்பத்து வாரிசைப் பற்றியது. கொலைச் சந்தேகங்கள் பல வருடங்களாக அவரைச் சுற்றி இருந்தன. கடைசிப் பகுதியில், இயக்குநர் ஆண்ட்ரூ ஜரெக்கி ஒரு முக்கியமான ஆதாரத்தை அவர் முன் வைக்கிறார். பேட்டி முடிகிறது. டர்ஸ்ட் கழிப்பறைக்குப் போகிறார். அவர் சட்டையில் மாட்டிய மைக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தனக்குத்தானே முணுமுணுக்கிறார். காலி அறையைக் காட்டும் திரையில் நாம் கேட்பது: ‘நான் என்னதான் செய்துவிட்டேன்? எல்லோரையும் கொன்றேன், வேறென்ன.’ படம் முடிந்துவிடுகிறது.

பார்த்த எவரும் மறக்க முடியாத முடிவு. அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

2019ல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அந்த ஒலிப்பதிவின் முழு எழுத்துவடிவம் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளியே வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டவை இல்லை. ‘எல்லோரையும் கொன்றேன்’ என்பது முதலில் வருகிறது. அதன்பிறகு வேறு பல முணுமுணுப்புகள், சில காதில் விழாதவை. அதற்கெல்லாம் பிறகுதான் ‘நான் என்னதான் செய்துவிட்டேன்?’ வருகிறது. பின்னால் இருந்த கேள்வியை முன்னால் கொண்டுவந்து, முன்னால் இருந்ததைப் பதிலாக்கியிருக்கிறார்கள்.

2021ல் நடுவர் குழு டர்ஸ்டைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் சிறைக் காவலிலேயே இறந்தார். குற்றவாளிதானே, வரிசை மாறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி புனுவெலின் ஆட்டைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அங்கே வறுமை உண்மை, ஆடு பொய். இங்கே குற்றம் உண்மை, அந்த உரையாடல் அவர் பேசாதது. நாளைக்கு நிரபராதி ஒருவரின் முணுமுணுப்பை இதே மாதிரி ஒட்டினால் அதை எப்படிக் கண்டுபிடிப்போம்? அந்த எழுத்துவடிவம் நீதிமன்றம்வரை வந்திருக்காவிட்டால் இதுவே நமக்குத் தெரிந்திருக்காது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தை நாம் சந்தேகப்படுகிற அளவுக்கு ஒலியைச் சந்தேகப்படுவதில்லை. இயற்கை ஆவணப்படங்களில் தூரத்தில் போகும் கரடியின் காலடியில் பனி நறநறவென்று நொறுங்கும் சத்தம் காதருகே கேட்கும். கேமரா நீண்ட லென்ஸோடு வெகுதூரத்தில் நிற்கிறது. அந்தத் தூரத்திலிருந்து காலடிச் சத்தத்தை எந்த மைக்கும் பிடிக்காது. ஒலிக்கூடத்தில் ஒருவர் கையால் உண்டாக்கிச் சேர்த்த சத்தம் அது. இது அநேகமாக எல்லா இயற்கைப் படங்களிலும் நடப்பது, என்னைக் கேட்டால் பெரிய குற்றமும் இல்லை. ஆனால் பின்னணி இசை வேறு சமாச்சாரம். குட்டியோடு வரும் ஓநாய்க்குப் புல்லாங்குழலும், மான் கூட்டத்தை நெருங்கும் அதே ஓநாய்க்கு அடிவயிற்றைக் கலக்கும் செல்லோவும் போட்டால், யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஒலியை அணைத்துவிட்டு அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி பார்ப்பது என் வழக்கம். வில்லன்களாகத் தெரிந்த பலர் சாதாரண மனிதர்களாகிவிடுவார்கள்.

இயற்கைப் படங்களில் நடந்த மிக மோசமான சம்பவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்னி 1958ல் வெளியிட்ட ‘ஒயிட் வைல்டர்னஸ்’ படத்தில் லெமிங் என்ற சின்னக் கொறிவிலங்குகள் கூட்டமாகப் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கும். ஆஸ்கர் வாங்கிய படம். 1980களின் தொடக்கத்தில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில் எடுத்திருக்கிறார்கள். லெமிங்குகளை வேறு இடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவை குதிக்கவில்லை, தள்ளிவிடப்பட்டன. லெமிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை முன்பே இருந்ததுதான். ஆனால் அதைக் ‘கண்ணால் பார்த்த’ விஷயமாக மாற்றியது இந்தக் காட்சி. படம் வந்து இத்தனை காலம் ஆகியும் அந்த நம்பிக்கை சாகவில்லை. லாஸ் ஹுர்டெஸில் பின்னணியிலாவது உண்மை இருந்தது. இங்கே அதுவும் கிடையாது.

பின்னணிக் குரலே வேண்டாம், விளக்கம் வேண்டாம், காட்சியே பேசட்டும் என்றால் சாய்வு போய்விடுமா? போகாது. லெனி ரீஃபென்ஸ்டால் 1934 நூரெம்பெர்க் நாஜி மாநாட்டைப் படம்பிடித்து 1935ல் வெளியிட்ட ‘ட்ரையம்ஃப் ஆஃப் த வில்’ படத்தில், தொடக்கத்து எழுத்துகளுக்குப் பிறகு பின்னணிக் குரல் கிடையாது. அதைக் காட்டியே, தான் வரலாற்றைப் பதிவு மட்டும் செய்ததாக அவர் பின்னாளில் வாதாடினார். அவரிடம் சுமார் 170 பேர் கொண்ட குழு இருந்தது. மேகங்களைப் பிளந்து இறங்கும் விமானம், தாழ்ந்த கோணத்தில் மேடையில் ஒருவர், அண்ணாந்து பார்க்கும் முகங்கள், மறுபடி மேடை, மறுபடி முகங்கள். கண்ணும் காதும் சேர்ந்து பணிந்துபோகிற வரிசை அது. அதற்கு ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

சில வருடங்களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஃப்ராங்க் காப்ரா ‘ஒய் வீ ஃபைட்’ என்ற ஏழு படங்களின் வரிசையைச் செய்தார். ரீஃபென்ஸ்டாலின் காட்சிகளையே எடுத்து அதில் போட்டார். அதே அணிவகுப்பு, அதே கைதூக்கல். சேர்த்த குரலும் முன்னும் பின்னும் வைத்த காட்சிகளும் வேறு. பரவசமாக இருந்தது பயங்கரமாகிவிட்டது. காப்ராவின் பக்கம் சரியான பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஃபுட்டேஜ் இரண்டு எதிர்ப் படங்களுக்குப் பயன்பட்டது என்பதை யோசித்தால், ‘கேமரா பொய் சொல்லாது’ என்ற பேச்சுக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

ஃப்ரெடரிக் வைஸ்மன் இன்னொரு துருவம். பேட்டி இல்லை, பின்னணிக் குரல் இல்லை, வெளியிலிருந்து சேர்த்த இசை இல்லை. ஒரு நிறுவனத்துக்குள் வாரக்கணக்கில் இருந்து படம்பிடித்து, மாதக்கணக்கில் தானே எடிட் செய்வார். தன் படங்கள் நடுநிலையானவை என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. 1967ல் வந்த அவரது முதல் படம் ‘டிடிகட் ஃபாலீஸ்’, மாசசூசெட்ஸில் மனநோயுள்ள குற்றவாளிகளை அடைத்துவைத்த ஒரு மருத்துவமனையைப் பற்றியது. சாப்பிட மறுக்கும் ஒரு முதியவருக்கு மூக்கு வழியே குழாய் செருகி உணவு ஊற்றுகிறார்கள். அந்தக் காட்சிக்கு இடையிடையே, அதே மனிதர் இறந்தபின் அவர் உடலைச் சவரம் செய்து, கவனமாக அலங்கரித்து வைப்பதைக் காட்டுகிறார் வைஸ்மன். உயிரோடு இருந்தபோது கிடைக்காத அக்கறை பிணமானபின் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை, வெட்டு சொல்கிறது. அது அளவுக்கு மீறி அழுத்திச் சொன்ன இடம் என்று பின்னாளில் அவருக்கே தோன்றியது. எனக்கு அவர் சொன்ன அந்தக் குறை படத்தைவிடப் பெரிய பாடமாகத் தெரிகிறது. தன் வாதத்தின் பலம் எங்கே மிஞ்சிப்போனது என்று கவனிக்கிற எடிட்டர் பார்ப்பவரை மதிக்கிறவர்.

அப்படியானால் நடிக்கவைத்தாலே தப்பு என்று ஆகிவிடாதா? இல்லை. அதற்கு எரோல் மோரிஸ் 1988ல் எடுத்த ‘த தின் ப்ளூ லைன்’ போதும். 1976ல் டாலஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் சாலையோரம் சுட்டுக் கொல்லப்பட்டார். ரேண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். மோரிஸ் அந்தக் கொலையை நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார். கார் நிற்கிறது, போலீஸ்காரர் நடந்து வருகிறார், துப்பாக்கி வெடிக்கிறது, காற்றில் மில்க்ஷேக் கோப்பை சுழன்று விழுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் விவரம் மாறுகிறது. ஓட்டியவரின் தலைமுடி மாறுகிறது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பது மாறுகிறது. ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு சாட்சியின் கூற்று. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, இவை எல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்கவே முடியாது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. அடுத்த வருடம், 1989ல், சுமார் 12 வருடச் சிறைக்குப் பிறகு ஆடம்ஸ் வெளியே வந்தார்.

அந்த வருடத்து ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் படம் இடம்பெறவில்லை. நடித்துக் காட்டிய காட்சிகள்தான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. எனக்கு அது வருத்தமான கணக்கு. தள்ளிவிட்ட லெமிங்குகளுக்கு ஆஸ்கர் கிடைத்திருந்தது. மோரிஸின் படத்தில் எந்த ஷாட்டும் ‘இது நிஜ இரவு’ என்று நம்மிடம் சொல்லவில்லை. விளக்கு, மெதுவான அசைவு, மாறிக்கொண்டே இருக்கும் விவரம் எல்லாமே ‘இது ஒருவர் சொன்ன கதை’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. வாக்கு காப்பாற்றப்பட்டது.

வெளிப்படையாக வாதாடும் படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் கோபம் கொஞ்சம் இடம் மாறும். மைக்கேல் மூர் 1989ல் ‘ரோஜர் அண்ட் மீ’ எடுத்தபோது தான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் ஆலைகளை மூடியதால் ஃப்ளிண்ட் நகரம் சீரழிந்த கதை. பிரச்சினை வரிசையில் வந்தது. ரொனால்ட் ரீகன் வேலையிழந்தவர்களோடு பீட்சா சாப்பிட்டது 1980ல், அதிபர் ஆவதற்கு முன்பு. ஊரைத் தூக்கி நிறுத்த என்று ஆட்டோவேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தது 1984ல். படத்தின் மையமான ஆலைமூடல் அறிவிப்பு வந்தது 1986ல். படம் பார்க்கிறவருக்கோ மூடலுக்குப் பிறகு ரீகன் வந்த மாதிரியும், பூங்கா அதற்கு மருந்தாகக் கட்டப்பட்ட மாதிரியும் தோன்றும். ஒரு பத்தாண்டின் சரிவைத்தான் சொன்னேன் என்பது மூரின் பதில். அப்படியே சொல்லியிருக்கலாம். ஆண்டுகளைத் திரையில் போட்டிருந்தாலும் அந்த ஊரின் துயரம் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது.

புவி வெப்பமாவதைப் பற்றி எச்சரிக்கும், அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ 2006ல் வந்தது. இங்கிலாந்தில் அதைப் பள்ளிகளுக்கு அனுப்ப அரசு முடிவுசெய்தபோது வழக்கு வந்தது. 2007ல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி, படத்தின் முக்கிய வாதம் அறிவியல் ஆய்வுகளில் ஊன்றியதுதான் என்று ஏற்றுக்கொண்டார். அதோடு ஒன்பது இடங்களைக் குறிப்பிட்டு, விளக்கக் குறிப்போடு காட்டலாம் என்றார். அதில் ஒன்று கடல்மட்டம். பனிப்பாளங்கள் உருகினால் கடல் 20 அடிவரை உயரும் என்று படம் சொல்லி, நகரங்கள் மூழ்குவதை வரைபடத்தில் காட்டுகிறது. உயரும் என்பது தவறில்லை. அதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. வரைபடத்தில் தண்ணீர் சில நொடிகளில் ஏறிவிடுகிறது, பார்க்கிற மனம் அந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட இடம்தான் எதிரிகளுக்கு ஆயுதமாகிறது. சொல்ல வந்த உண்மை அவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஒரு வாக்கியத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

மோர்கன் ஸ்பர்லாக் 30 நாள் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ் உணவு மட்டுமே சாப்பிட்டு எடுத்த ‘சூப்பர் சைஸ் மீ’ 2004ல் வந்தது. உடம்பு ஏறக்குறைய 11 கிலோ ஏறியது. கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் அதிர்ந்துபோகிறார், குடிகாரர்களின் கல்லீரலோடு ஒப்பிடுகிறார். படத்தின் உச்சம் அதுதான். 2017 டிசம்பரில் ஸ்பர்லாக் தானாகவே எழுதிய ஒரு பகிரங்க ஒப்புதலில், முப்பது வருடமாக ஒரு வாரத்துக்கு மேல் குடிக்காமல் இருந்ததில்லை என்று சொன்னார். அந்த ஒற்றை வரி அந்தக் கல்லீரல் காட்சியை மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது. துரித உணவு உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் நமக்குக் காட்டிய சோதனை நாம் நினைத்த சோதனை இல்லை.

இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெயினைப் பற்றி 2021ல் வந்த ‘ரோட்ரன்னர்’ படத்தில், அவர் எழுதிய சில வரிகளை அவரே வாசிப்பதுபோலச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரலைப் பயன்படுத்தினார்கள். அவர் 2018லேயே இறந்துவிட்டார். வார்த்தைகள் அவருடையவை, பேசியது அவர் இல்லை. படத்தில் அதற்கு எந்த அறிகுறியும் கிடையாது. இயக்குநர் ஒரு பேட்டியில் சொன்னபிறகுதான் தெரிந்தது, பார்த்தவர்கள் பலர் கொதித்தார்கள். சிலருக்கு அது மிகையாகத் தோன்றியது, மொத்தமே ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றார்கள். நான் கொதித்தவர்கள் பக்கம். திரையின் மூலையில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், அந்த வாக்கு உடையாமல் இருந்திருக்கும். பழைய காட்சிகளைத் தேடிச் சேகரிக்கும் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு ஒன்று 2024ல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. செயற்கையாக உருவாக்கியதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பது அதன் முக்கியமான கோரிக்கை.

இதுவரை பார்ப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். திரையில் இருக்கும் மனிதருக்கும் ஒரு வாக்கு கொடுக்கப்படுகிறது. அதைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் பேசுகிறார். அதிலிருந்து எந்த இரண்டு நிமிடம் தன் முகமாக உலகத்துக்குப் போகப்போகிறது என்பது அவர் கையில் இல்லை. ‘டிடிகட் ஃபாலீஸ்’ படத்தை நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தடுத்தது, 1991 வரை பொதுமக்கள் பார்க்க முடியவில்லை. மாநில அரசு தன் அவமானத்தை மறைக்கவும் அந்தக் காரணம் வசதியாக இருந்தது. ஆனாலும் நிர்வாணமாக நிறுத்தப்பட்டிருந்த அந்த மனிதர்களிடம் யார் சம்மதம் கேட்டிருக்க முடியும் என்ற கேள்வி பொய்யானது இல்லை. இரண்டும் ஒரே வழக்கில் இருந்தன, இன்றும் எனக்கு அதில் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியைப் படத்துக்குள்ளேயே கொண்டுவந்தவர்கள் ஜான் ரூஷும் எட்கர் மொராவும். 1960 கோடையில் பாரிஸில் எடுத்த ‘ஒரு கோடையின் வரலாறு’ படத்தின் ஆரம்பத்திலேயே, கேமரா முன் ஒருவரால் இயல்பாகப் பேச முடியுமா என்று மார்சலின் என்ற இளம்பெண்ணிடம் கேட்கிறார்கள். அப்புறம் தொழிலாளிகள், மாணவர்கள், தம்பதிகள் என்று பலர் பேசுகிறார்கள். நாஜி முகாமிலிருந்து உயிர்தப்பி வந்த மார்சலின், ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறிச்சோடிய சதுக்கத்தில் தனியாக நடந்தபடி, திரும்பி வராத அப்பாவோடு பேசுவதுபோலப் பேசுகிறார்.

எடிட் செய்ததும், படத்தில் இருந்தவர்களையே ஓர் அறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். விளக்கு எரிந்ததும் அவர்கள் பேசியதையும் படம்பிடித்தார்கள். சிலர், இதில் பாதி நடிப்பு என்றார்கள். வேறு சிலர், இவ்வளவு அந்தரங்கத்தை வெளியே காட்டுவது அசிங்கம் என்றார்கள். கடைசியில் ரூஷும் மொராவும் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே மேலும் கீழும் நடக்கிறார்கள். போதுமான உண்மை இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு, உண்மை அதிகமாகிவிட்டது என்று இன்னொரு குற்றச்சாட்டு, இதற்கு என்ன செய்வது என்று பேசிக்கொள்கிறார்கள். வெளியே வந்து கைகுலுக்கிப் பிரிகிறார்கள். மொரா தெருவில் தனியாக நடந்து போகிறார். எது தேறியது, எது தேறவில்லை என்று இருவருக்கும் இன்னும் முடிவு கிடைக்கவில்லை. அந்த முடிவில்லாமையையும் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார்கள்.